தாகப்பொட்டு

எங்கள் பள்ளியில் விளையாட்டு வகுப்பு என்று ஒன்று கால அட்டவணையில் மட்டும்தான் உண்டு. பாடம் முடியவில்லை என்று கணக்கு டீச்சர் ஒரு வாரம் எடுத்துக்கொள்வார். தேர்வு வருகிறது என்று ஆங்கில சார் மறுவாரம் எடுத்துக்கொள்வார். விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மைதானத்து ஓரத்தில் நிற்பதுதான் உடற்கல்வி ஆசிரியனான ஈஸ்வரமூர்த்தியின், அதாவது என்னுடைய, முழுநேர வேலை. அதனால், இனி வெள்ளிக்கிழமை மதியம் முழுக்க ஏழாம் வகுப்பு உங்களுக்குத்தான் என்று தலைமையாசிரியை சொன்னபோது எனக்கு மகிழ்ச்சி வரவில்லை, சந்தேகம்தான் வந்தது.

சந்தேகம் வீண்போகவில்லை. வெளிவகுப்பு என்று ஒரு திட்டம் எங்கள் பள்ளிக்கு வந்திருந்தது. இயற்கை வளங்களைக் காப்பதைப் பற்றிப் பிள்ளைகளுக்குப் பெஞ்சில் உட்கார வைத்துச் சொல்லக் கூடாதாம், வெளியே கூட்டிப்போய்க் காட்ட வேண்டுமாம். எங்கள் ஊர் கல்லாங்காட்டுப்புதூர் வெயிலில் நடக்க வேண்டும் என்றதும் மற்ற ஆசிரியர்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் முட்டிவலி வந்துவிட்டது.

அறிவியல் ஆசிரியை ஜெசிந்தா மட்டும் விதிவிலக்கு. திண்டுக்கல்காரர். ஒரு கேள்வி கேட்டால் பதிலோடு இன்னும் இரண்டு கேள்விகளையும் சேர்த்துத் தருவார். அவர் ஒரு சின்னப் பெட்டியைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்துத் திறந்தார். உள்ளே தோல் நிறத்தில் வட்ட வட்டமாக ஏதோ இருந்தன.

"என்ன டீச்சர், ஸ்டிக்கர் பொட்டா?"

"கிட்டத்தட்ட அதேதான் சார். நெத்தியில இல்ல, காதுக்குப் பின்னாடி ஒட்டணும்." பெட்டியின் இன்னொரு பக்கத்திலிருந்து கோழிமுட்டை அளவில் ஒரு வெள்ளை மிதவையை எடுத்துக் காட்டினார். "இந்த முட்டையைக் கிணத்துல போட்டுருவோம். தண்ணி எந்த மட்டத்துல நிக்குதுன்னு அது சொல்லிட்டே இருக்கும். பொட்டு அதைக் கேட்டு, நமக்குத் தாகம் எடுக்குற நரம்பைத் தொடும். கிணத்துல தண்ணி இறங்கினா நம்ம தொண்டை வறளும். ஏறினா அடங்கும்."

"எதுக்குங்க இந்த வம்பு?"

"இத்தனை வருஷமா என்ன சார் செஞ்சோம்? மரம் நட்டோம். அட்டையைப் புடிச்சுட்டு ஊர்வலம் போனோம். திரும்பி வந்து குழாயைத் திறந்து விட்டுட்டு மூஞ்சி கழுவினோம். புத்திக்கு இதெல்லாம் எப்பவோ தெரியும். உடம்புக்குத்தான் தெரியல."

எனக்கு ஒன்றை ஒட்டிவிடுங்கள் பார்க்கலாம் என்றேன். பள்ளிக் கிணற்றோடு இணைத்தார். அந்தக் கிணற்றில் தண்ணீர் இருந்த காலத்தில் நான் வேலைக்கே சேரவில்லை. சற்று நேரத்தில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஒரு சொம்பு தண்ணீர் குடித்தேன். அடங்கவில்லை. இன்னொரு சொம்பு குடித்தேன். வயிறு உப்பியதே தவிர தொண்டை அப்படியே கிடந்தது.

"தண்ணி உங்க வயித்துக்குத்தான் சார் போச்சு. கிணத்துக்குப் போகலையே" என்று சிரித்தார் ஜெசிந்தா.

"சின்னப் பசங்களுக்கு இது ஆகுமா டீச்சர்?"

"இப்ப உங்களுக்கு எடுக்குற தாகத்துல கால் பங்குதான் பிள்ளைகளுக்கு வரும். அதுக்கு மேல போகாதபடி எல்லை வெச்சிருக்காங்க. அவங்களோட சொந்தத் தாகமும் எப்பவும்போல எடுக்கும். பெத்தவங்க சம்மதமும் வாங்கியாச்சு."

"பேசாம பெத்தவங்களுக்கே ஒட்டிவிட்டா என்ன? மோட்டார் போடறது அவங்கதான?"

"பெரியவங்க பிச்சு எறிஞ்சுருவாங்க சார்" என்றார் ஜெசிந்தா. என் காதுக்குப் பின்னால் இருந்ததை நானும் அதற்குள் பிய்த்து எடுத்திருந்தேன்.

யாருக்கு எந்தக் கிணறு என்பதை என் தொப்பியில் சீட்டுப் போட்டுக் குலுக்கி எடுத்தோம். அப்சலுக்கு ஊர்க்கிணறு வந்தது. ரக்‌ஷனாவுக்கு அவள் வீட்டுத் தென்னந்தோப்புக் கிணறே வந்தது. சில தோட்டத்துக்காரர்கள், ஆழ்துளைக் கிணறு எங்கள் சொந்தப் பணத்தில் போட்டது, அதில் முட்டையெல்லாம் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் அவற்றை விட்டுவிட்டோம். கடைசிச் சீட்டு இதழினிக்கு. பாறைக்குழி என்று இருந்தது. ஊருக்கு வடக்கே கல் உடைத்து உடைத்துக் கைவிட்ட பெரிய பள்ளம் அது. அடியில் எருமை நனைகிற அளவுக்குத்தான் தண்ணீர் தேங்கி நிற்கும். மற்ற பிள்ளைகள் அவளைப் பார்த்து உச்சுக் கொட்டினார்கள்.

இதழினி எங்கள் பள்ளியின் ஓட்டக்காரி. மெலிந்த உடம்பு, நீளமான கால்கள், எதற்கும் குறை சொல்லத் தெரியாத வாய். அவள் அம்மா திருப்பூர் பனியன் கம்பெனிக்குக் காலையிலேயே பஸ் ஏறிவிடுவார். அப்பா சென்னியப்பன்தான் தினமும் மொபெட்டில் கொண்டுவந்து விடுவார். விட்டதும் போக மாட்டார். மகள் வகுப்பறைக்குள் நுழைவதைப் பார்த்த பிறகுதான் வண்டியை எடுப்பார். ஒரே பிள்ளை, அதுவும் கோயில் கோயிலாக அலைந்து பெற்ற பிள்ளை என்று ஊரில் சொல்வார்கள்.

முதல் வாரம் ஊரே அமளிதுமளிப்பட்டது. பிள்ளைகள் குடம் குடமாகக் குடித்தார்கள். வகுப்புக்கு நடுவே தொண்டையைப் பிடித்துக்கொண்டு எழுந்து, சார், எங்க கெணத்துல ஆரோ மோட்டாரு போட்டுட்டாங்க என்றார்கள். இதழினிதான் பாவம், மிகவும் தவித்தாள். கண்ணெல்லாம் சிவந்து, தூங்காத முகத்தோடு வருவாள்.

ஆனால் நடந்தது என்ன என்று கேட்டால், நான் இன்றைக்கும் அதிசயம் என்றுதான் சொல்வேன். ரக்‌ஷனாவின் அப்பா தென்னைக்குத் தண்ணீர் கட்டிவிட்டுச் சாப்பிட வந்திருக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் சோற்றை விழுங்க முடியாமல் தொண்டையைத் தடவியிருக்கிறாள். மனிதர் எச்சில் கையோடு ஓடிப்போய் மோட்டாரை நிறுத்தியிருக்கிறார். மறுவாரம் தோப்பு முழுக்கச் சொட்டுநீர்க் குழாய் வந்தது. அப்சலின் வாப்பா ஊர்க்கிணற்றைச் சுற்றித் துணி துவைக்க விடாமல் காவல் நின்றார். எந்தச் சட்டத்துக்கும் நிற்காத மோட்டார்கள், பெற்ற பிள்ளை எச்சில் விழுங்கச் சிரமப்பட்டதும் நின்றன. கிணறுகளில் மட்டம் ஏறத் தொடங்கியது. பிள்ளைகளின் தொண்டையும் அடங்கியது.

இதழினிக்கும் சரியாகிவிட்டது. மற்றவர்களுக்கு முன்பாகவே சரியாகிவிட்டது. "பழகிப்போச்சாக்கும் அம்மணிக்கு" என்று கேட்டேன்.

"ஆமாங் சார். இப்பவெல்லாம் ஜில்லுன்னு இருக்குதுங்" என்றாள். அந்த வாரம் ஓட்டப் பயிற்சியில் எல்லோரும் வேர்த்து விறுவிறுத்து வந்து விழுந்தபோது அவள் மட்டும் துளி வியர்வை இல்லாமல் நின்றாள். பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று மற்றவர்களிடம் சொன்னேன். பதினெட்டு வருடம் உடற்கல்வி சொல்லிக்கொடுத்த லட்சணம் அது.

பங்குனி வந்தது. மறுபடியும் பிள்ளைகளின் தொண்டை வறள ஆரம்பித்தது.

வெயில் காலம், வறளத்தான் செய்யும் என்று நாங்கள் முதலில் விட்டுவிட்டோம். ஆனால் அது நாள் முழுக்க வறளவில்லை. காலையில் நன்றாக இருப்பார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒவ்வொருவராக நாக்கைச் சப்புக்கொட்டத் தொடங்குவார்கள். எங்கள் வீட்டில் மோட்டாரே போடவில்லை என்று எல்லோரும் சத்தியம் செய்தார்கள். பிறகு உன் அப்பன்தான், உன் மாமன்தான் என்று பிள்ளைகளுக்குள் சண்டை வந்தது. அது வீடுகளுக்கும் போனது. அப்சலின் வாப்பாவும் ரக்‌ஷனாவின் அப்பாவும் டீக்கடையில் முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்தினார்கள்.

"சார், எனக்கு ஒண்ணு புரியல" என்றார் ஜெசிந்தா. "எல்லாக் கிணறும் இறங்குது. பாறைக்குழி மட்டும் ஏறுது. போன வாரம் நான் போய்ப் பார்த்தேன். பாதிக்கு மேல நிறைஞ்சு நிக்குது. இந்த வெயில்ல அதுக்குத் தண்ணி எங்கிருந்து வருது?"

"ஊத்து கண்டிருக்கும்."

"மத்த ஊத்தெல்லாம் அடைபடுறப்ப இது மட்டும் எப்படி?" என்றார். இரண்டு கேள்வி கணக்கு சரியாகிவிட்டது.

எனக்குத் தெரிந்ததெல்லாம் மைதானம்தான். அந்த வெள்ளிக்கிழமை சுண்ணாம்புத் தூளை எடுத்து மைதானத்தில் ஊரை வரைந்தேன். இது தார் ரோடு, இது பள்ளிக்கூடம், இது பள்ளவாய்க்கால். பிள்ளைகளை அவரவர் கிணறு இருக்கும் இடத்தில் நிற்கச் சொன்னேன். மைதானம் முழுக்கச் சிதறி நின்றார்கள். வடக்கு மூலையில், பாறைக்குழியின் இடத்தில், இதழினி.

"விசில் அடிச்சதும் ஆட்டம் ஆரம்பம். எப்ப உன்ற தொண்டை காயுதோ, அப்ப உக்காந்துக்கோணும். அதுவரைக்கும் நிக்கோணும். ஏமாத்தக் கூடாது."

விசில் அடித்தேன். முதலில் சிரிப்பும் கிள்ளலுமாகத்தான் இருந்தது. பிறகு நடுவில் நின்ற அப்சல் கழுத்தைத் தடவிக்கொண்டு உட்கார்ந்தான். அவனுக்கு எதிரே ரக்‌ஷனா உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் யாரும் அசையவில்லை. அடுத்து அவர்களுக்கு வெளியே இருந்தவர்கள் உட்கார்ந்தார்கள். அதற்கும் வெளியே இருந்தவர்கள் அப்புறம். குளத்தில் கல் போட்டால் வட்டம் விரியுமே, அதுபோல உட்கார்ந்துகொண்டே போனார்கள்.

ஜெசிந்தா என் கையைப் பிடித்துவிட்டு, சட்டென்று விட்டார். "சார், இத பாருங்க. இதுங்க தனித்தனிக் கிணறு இல்ல. அடியில பாறை வெடிப்பு ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து கிடக்குது. ஒரு இடத்துல உறிஞ்சினா எல்லாத்துலயும் இறங்குது. பத்து வருஷமா போர்டுல படமா வரைஞ்சிட்டிருக்கேன். கண்ணால இன்னைக்குத்தான் பாக்குறேன்."

"அப்ப எங்க கெணத்துத் தண்ணியும் ரக்‌ஷனா கெணத்துத் தண்ணியும் ஒண்ணாங் டீச்சர்?" என்றான் அப்சல், உட்கார்ந்தபடியே.

"ஒண்ணுதான்டா."

அவன் ரக்‌ஷனாவைப் பார்த்தான். இத்தனை நாள் போட்ட சண்டை இருவருக்கும் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். இரண்டு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டார்கள்.

வட்டம் எங்கிருந்து கிளம்பியது என்று பார்த்தேன். அப்சலுக்கும் ரக்‌ஷனாவுக்கும் நடுவே ஒரு காலியிடம். அங்கே யாரும் நிற்கவில்லை. முட்டை போட விடாத ஏதோ ஒரு சொந்த ஆழ்துளைக் கிணறு அது.

"சார்" என்று வடக்கு மூலையிலிருந்து குரல் வந்தது. மைதானத்தில் நின்றுகொண்டிருந்தது இதழினி மட்டும்தான். "எனக்கு இப்பத்தானுங் ரொம்ப ஜில்லுன்னு இருக்குது."

அத்தனை தலைகளும் அவள் பக்கம் திரும்பின. "இவ குழிதான் சார் எங்க தண்ணியக் குடிக்குது" என்றான் அப்சல்.

"நான் ஒண்ணுமே பண்ணுலீடா" என்றாள் இதழினி. முகம் வாடிவிட்டது.

"வாங்க, போய்ப் பாத்துப்போட்டு வந்துரலாம்" என்றேன். வெளிவகுப்பு என்பதே அதற்குத்தானே.

காலியிடத்தின் திசையில் நடந்தோம். கிளுவை வேலிகளுக்கு நடுவே ஒற்றையடித் தடம். இரண்டு பக்கமும் மேய்ச்சல் நிலங்கள் காய்ந்து கிடந்தன. எந்தப் பக்கம் திரும்பும்போதும் பிள்ளைகளுக்குள் வாக்குவாதம். துப்பறியும் உற்சாகம் அவர்களுக்கு. இதழினி தன் மேல் விழுந்த பழியைத் துடைக்க வேண்டும் என்று எல்லோருக்கும் முன்னால் போனாள். போகப் போக அவள் நடை தளர்ந்தது. வழி பழக்கமானதாக இருப்பதால் தயங்கினாள் என்று பிறகு நினைத்துக்கொண்டேன். அதுவும் உண்மைதான்.

வேலிப் படலைத் திறந்ததும் மோட்டார் சத்தம் கேட்டது. தொடை கனத்துக் குழாயிலிருந்து தண்ணீர் நுரைத்துக்கொண்டு வாய்க்காலில் விழுந்தது. வாய்க்கால் எந்தப் பயிருக்கும் போகவில்லை. புதரோடு புதராக மறைந்து நேராக வடக்கே, பாறைக்குழியைப் பார்த்துப் போனது.

"சார்" என்றாள் இதழினி மெதுவாக. "இது எங்க தக்காளிக் காடுங்."

மற்ற பிள்ளைகள் அதைக் கவனிக்கவில்லை. அவர்களுக்கு முன்னால் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அத்தனை பேரும் மண்டி போட்டு, இரண்டு கையாலும் அள்ளி அள்ளிக் குடித்தார்கள். தாகம் அடங்காது என்று தெரிந்தும் குடித்தார்கள். இதழினி மட்டும் நின்றாள். அவள் உதடுகள் வெடித்து, வெடிப்பில் ரத்தம் கட்டியிருந்ததை அப்போதுதான் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

"நீயும் ஒரு வாய் குடி கண்ணு."

"வேண்டாங் சார். நெறஞ்சிருக்குது" என்றாள். சொல்லிவிட்டு, மடித்து வைத்த துணி சரிவதுபோல அப்படியே கீழே சரிந்தாள்.

மோட்டார் அறையிலிருந்து சென்னியப்பன் ஓடிவந்தார். மகளை மடியில் போட்டுக்கொண்டு, வாய்க்காலில் அள்ளி வாயில் ஊற்றினார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பினாள். தண்ணீர் கன்னத்தில் வழிந்தது. "என்ற சாமி, ஒரே ஒரு வாய்" என்று கெஞ்சினார். உள்ளே போனதும் அவளுக்குக் குமட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டது. அவள் காதுக்குப் பின்னால் இருந்த பொட்டைப் பிய்த்து எறிந்தேன். பயன் இல்லை. ஓடுகிற தண்ணீர்ப் பக்கத்தில் ஒரு பிள்ளை தண்ணீர் இல்லாமல் மயங்கிக் கிடந்தது.

காங்கேயத்து ஆஸ்பத்திரியில் உடனே நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். டாக்டரம்மா வெளியே வந்து, பாதிப்பு சிறுநீரகம் வரைக்கும் போய்விட்டது, பார்க்கலாம் என்றார். "ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிப்பா?" என்று கேட்டார்.

யாருக்கும் தெரியவில்லை. வேலையிலிருந்து நேராக வந்திருந்த அம்மாதான் அழுதுகொண்டே சொன்னார். "நானும் பாட்டல் நெறையாக் குடுத்துவுடுவனுங்க. அப்படியேதான் திரும்பி வரும். பள்ளிக்கொடத்துல கக்கூசு செரியில்லீன்னு பொட்டப்புள்ளைக ஆருமே குடிக்கறதில்லீங்களே. அதாக்கும்னு நெனச்சுட்டனுங்க."

ஜெசிந்தாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. அந்தக் கழிப்பறையைத் தாண்டித்தான் நாங்கள் தினமும் ஆசிரியர் அறைக்குப் போகிறோம்.

"அவளோட சொந்தத் தாகம் இருக்கும்னுதானே சொன்னீங்க?" என்று ஜெசிந்தாவைத் தனியாகக் கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன்.

"இருக்கணும் சார். இப்பத்தான் பொட்டு செஞ்சவங்ககிட்ட பேசினேன்." அவர் குரல் உடைந்தது. "வறட்சிப் பக்கம் எல்லை வெச்சிருக்காங்க. கால் பங்குக்கு மேல போகாது. நிறைவுப் பக்கம் எல்லையே வெக்கல. குழி நிறைய நிறைய அவ சொந்தத் தாகத்தையும் அது அமுக்கிடுச்சு. இந்தப் பக்கத்துல எதுவும் நிறையும்னு யாருமே நினைச்சுப் பாக்கல. நானும் கேக்கல. காஞ்சு போன பிள்ளைங்களைத்தான் தினமும் விசாரிச்சேன். நல்லா இருக்கேன்னு சொன்னவளை ஒரு நாளும் விசாரிக்கல."

சென்னியப்பன் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கேட்காமலே பேச ஆரம்பித்தார்.

"மொத வாரம் ராத்திரியெல்லாம் உருண்டுச்சுங்க சார். குடிச்சாலும் அடங்குல. நானும் அவ அம்மாளும் விடிய விடிய முழிச்சே உக்காந்திருந்தமுங்க. குழி நெறஞ்சா அடங்கும்னு புள்ளையே சொல்லுச்சு. என்ற போர்க்கெணத்துல தண்ணி கெடக்குது, என்ற புள்ளைக்குத் தவிப்புன்னா நான் வேற எதுக்குங்க அத வெச்சிருக்கோணும்? தக்காளியக் காயவுட்டுப்போட்டுக் குழிக்குத் திருப்பிவுட்டனுங்க."

"அந்தத் தண்ணி மத்த புள்ளைக கெணத்துல இருந்து வந்துதுங்க."

"அது எனக்குத் தெரீலீங்க" என்றார். துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டு, "தெரிஞ்சிருந்தாலும் நெறச்சிருப்பனுங்க சார்" என்றார். அவர் ஆஸ்பத்திரிக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். "புள்ளைக்குத் தாகமே எடுக்காமப் பாத்துக்கிட்டனுங்க."

இதழினி பிழைத்துக்கொண்டாள். ஆனால் தாகம் திரும்பி வரவில்லை. பொட்டு போன பிறகும் அந்த நரம்பு தூங்கிக்கொண்டே இருந்தது. வந்தாலும் வரலாம், எப்போது என்று சொல்ல முடியாது, அதுவரை கடிகாரத்தைப் பார்த்துக் குடிக்க வைக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. மருந்து குடிப்பதுபோல அவள் தண்ணீர் குடித்தாள். வெயிலில் விளையாடிவிட்டால் கடிகாரக் கணக்கு போதவில்லை. இன்னொரு முறையும் மயங்கி விழுந்தாள்.

எல்லாப் பிள்ளைகளின் பொட்டையும் எடுத்துவிட்டோம். நான்தான் எடுக்கச் சொன்னேன், ஜெசிந்தா மறுக்கவில்லை. கழிப்பறையை முதல் வேலையாகச் சரிசெய்ய வைத்தோம். அதற்குத் தலைமையாசிரியையோடு நான் போட்ட சண்டை தனிக் கதை. பொட்டு போன மறுநாளே ஊரில் மோட்டார்கள் ஓடத் தொடங்கின. ஜெசிந்தா பெற்றோர் கூட்டம் போட்டார். மைதானத்து ஆட்டத்தை விளக்கிச் சொன்னார். அடியில் எல்லாம் ஒரே தண்ணீர், பிள்ளைகளுக்கு வேண்டாம், பெரியவர்கள் நீங்களே ஒட்டிக்கொள்ளுங்கள், இரண்டு பக்கமும் எல்லை வைத்துத் தருகிறார்கள் என்றார்.

கூட்டம் நெளிந்தது. "அதெப்படீங்க டீச்சர், நாங்க வேல வெட்டி பாக்கறவங்க" என்றார் ஒருவர். "உடம்புக்கு ஏதாச்சும் ஆயிப்போச்சுன்னா?" என்றார் இன்னொருவர். இதே ஆட்கள்தான் பிள்ளைகளுக்குச் சம்மதம் தந்தவர்கள். அப்சலின் வாப்பா மட்டும், பொட்டெல்லாம் வேண்டாம், முறைவைத்து மோட்டார் போட்டுக்கொள்ளலாம் என்றார். ரக்‌ஷனாவின் அப்பா சரி என்றார். இன்னும் சிலர் சேர்ந்துகொண்டார்கள். பாதி ஊர்கூட இல்லை.

எல்லோரும் போன பிறகு சென்னியப்பன் நின்றார்.

"எனக்கு ஒண்ணு ஒட்டிவுடுங்க டீச்சர்."

"எந்தக் கிணறுங்க?"

"கெணறு இல்லீங்க. என்ற போரக் குழிக்கு வுடறத நிறுத்திட்டனுங்க, தக்காளிக்கு மட்டுந்தான் போடறது. அந்த முட்டை இருக்குதில்லீங்க, அது தண்ணி கொறஞ்சாச் சொல்லுமில்ல? அதையே புள்ள மேல ஒட்டோணும். பொட்ட எனக்கு ஒட்டோணும். அவ ஒடம்புல தண்ணி கொறஞ்சா எனக்கு எடுக்கட்டுங்க."

ஜெசிந்தாவின் முகத்தில் அந்தப் பழைய ஆர்வம் மெல்லத் திரும்பியது. "முட்டை ஆகாது. உடம்புத் தண்ணியைக் காட்டுற கைப்பட்டை இருக்குது. அதைப் பொட்டோட இணைக்கலாம்னு நினைக்கிறேன். டாக்டரையும் கேட்டுக்கிறேன். கால் பங்கு போதும்ல?"

"முழுசாவே வைங்க" என்றார் சென்னியப்பன்.

அதன்பிறகு எங்கள் வெளிவகுப்புக்கு ஒரு விருந்தாளி நிரந்தரமாகிவிட்டார். பொட்டு இல்லாவிட்டாலும் வெள்ளிக்கிழமை நடக்க வேண்டும் என்று பிள்ளைகளே கேட்டதால் கிணறுகளைக் கயிறு விட்டு அளந்துகொண்டிருந்தோம். வேலிக்கு வெளியே மொபெட் நிற்கும். கொஞ்ச நேரத்தில், "கண்ணு, தண்ணி" என்று குரல் வரும். இதழினி ஓடிப்போய் இரண்டு மடக்கு குடித்துவிட்டு வருவாள். சில நாள் அரைமணிக்கு ஒருமுறை குரல் வரும். அப்பன் அங்கே வறண்டு, மகள் இங்கே குடித்து, அப்பனுக்கு அடங்கும். பிள்ளைகள் அவரைத் தண்ணி மாமா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவர் காட்டு வேலையெல்லாம் அப்படியே கிடந்தது. மெலிந்தும் போனார். ஆனால் அவள் அதன்பிறகு மயங்கி விழவில்லை.

பிள்ளைகள் எட்டாம் வகுப்புக்கு வந்த பிறகு, ஆனி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. காற்றடி காலம், புழுதி பறந்துகொண்டிருந்தது. ஊர்க்கிணற்று மேட்டில் பிள்ளைகள் கயிற்றை இறக்கிக்கொண்டிருந்தார்கள். வெகுநேரமாகக் குரல் வரவில்லையே என்று திரும்பிப் பார்த்தேன். சென்னியப்பன் மொபெட்டில் சாய்ந்து நின்றிருந்தார். முகம் சாம்பல் பூத்திருந்தது. கையில் நிரம்பிய பாட்டில், மூடி திறக்காமல்.

ஓடினேன். "ஏனுங்க, அவளுக்குக் கொறையுதா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினார். பேச்சு வரச் சிரமப்பட்டது.

"அப்புறம் கூப்புடறதுக்கென்ன?"

"சித்த இருங்க சார்."

"எத்தன நேரமா இப்புடி நிக்கறீங்க? புள்ளைக்கு ஏதாச்சும் ஆயிரப்போகுது."

"எல்ல எதுன்னு எனக்குத் தெரியுமுங்க சார். அதத் தாண்ட வுடமாட்டேன்." நாக்கால் உதட்டைத் தடவிக்கொண்டார். நாக்கிலும் ஈரம் இல்லை. "நானே எப்பவும் கூப்புட்டுட்டு இருந்தா, அவளுக்கு எப்பங்க எடுக்கும்?"

எனக்குப் பயமாக இருந்தது. நானே அவளைக் கூப்பிட்டுவிடலாம் என்று வாயெடுத்தேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். ஒரு காலத்தில் மகளின் தவிப்பை ஒரு வாரம்கூடப் பார்க்கப் பொறுக்காதவர், அந்தத் தவிப்பைத் தன் தொண்டையிலேயே வைத்துக்கொண்டு காத்து நின்றார்.

மேட்டில் இதழினி கயிற்றின் முடிச்சுகளை எண்ணிக்கொண்டிருந்தாள். எண்ணிக்கை நடுவே நின்றது. கயிற்றை ரக்‌ஷனாவிடம் கொடுத்தாள். ஏதோ மறந்துவிட்டதுபோலச் சுற்றிலும் பார்த்தாள். பிறகு கையைக் கொண்டுபோய்த் தொண்டையில் வைத்தாள். அப்பாவின் பக்கம் திரும்பவே இல்லை. அப்சலின் பையிலிருந்து பாட்டிலை உருவி, அவன் கத்தக் கத்த, அண்ணாந்து குடித்தாள். சட்டையெல்லாம் நனைந்தது. நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடியும் குடித்தாள்.

சென்னியப்பனின் பிடி தளர்ந்தது. கண்ணை மூடிக்கொண்டு அப்படியே நின்றார். கன்னத்தில் வழிந்ததை அவர் துடைக்கவில்லை, நானும் பார்க்காததுபோல இருந்துகொண்டேன்.

"அடங்கிருச்சுங்களா?" என்றேன்.

"அவளது அடங்கிருச்சுங்க." கையிலிருந்த பாட்டிலின் மூடியைத் திருகினார். "இப்ப இருக்கறது என்றதுங்க" என்று சொல்லிவிட்டு, அவர் குடிக்க ஆரம்பித்தார்.